மிக வெப்பமான வெண்குறுமீனுக்கு எந்தப் புற ஊதா நிறமாலை? ஃப்யூஸ், காஸ், ஸ்டிஸ்: ஓர் ஒப்பீடு

கேபிடி 0005+5106 என்ற வெண்குறுமீனுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன விண்மீன்) 1990-களில் கணித்த வெப்பநிலை 1,20,000 கெல்வின். பிற்பாடு ஃப்யூஸ் செயற்கைக்கோள் எடுத்த தொலை புற ஊதா நிறமாலையில் நியான்-8, கால்சியம்-10 அயனிகளின் கோடுகள் அடையாளம் காணப்பட்டதும், 2008 வாக்கில் அதே விண்மீனின் வெப்பநிலை 2,00,000 கெல்வினுக்கு ஏறிவிட்டது. எண்பதாயிரம் கெல்வின் வித்தியாசம் என்பது பிழை எல்லைக்குள் அடங்கும் சங்கதி அல்ல. (இங்கே தனிமத்தின் பெயரோடு வரும் எண் அயனி நிலையைக் குறிக்கும், நடுநிலை அணு 1, ஓர் எலக்ட்ரானை இழந்தது 2, அப்படியே மேலே.)

60,000 கெல்வினுக்கு மேற்பட்ட ஒரு வெண்குறுமீனின் வெப்பநிலையையும் அதன் வளிமண்டலத்தில் உள்ள உலோகங்களையும் கணிக்க வேண்டும் என்றால் கையில் இருக்கும் வழிகள் சிலவே. ஹப்பிளில் காஸ், ஸ்டிஸ் என்று இரண்டு நிறமாலைமானிகள் இருக்கின்றன. உலகின் எந்த மூலையிலிருந்தும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கலாம். 2007-இல் ஓய்ந்த ஃப்யூஸின் தரவு முழுவதும் விண்வெளித் தொலைநோக்கிகளின் தரவைச் சேர்த்துவைக்கும் மாஸ்ட் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அதற்கும் மூத்த புற ஊதாச் செயற்கைக்கோளான ஐ.யூ.இ.யின் தரவும் அங்கேயே உண்டு. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் யூவிட் என்ற புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறது. தரைத் தொலைநோக்கியோடு நிறுத்திக்கொள்வதும் ஒரு வழி.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். பகுதிறனை (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காட்டும் திறன்) வைத்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறவர்களே பெரும்பாலும் தடுக்கி விழுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அலைநீளப் பட்டை, அடுத்தது விண்மீனின் பிரகாசம், அதற்குப் பிறகே பகுதிறன். 1,00,000 கெல்வினைத் தாண்டிய விண்மீனுக்கு 1150 ஆங்ஸ்ட்ராமுக்கு (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) கீழே உள்ள பகுதி இல்லாமல் காரியம் ஆகாது. அந்தப் பகுதியில் ஓய்ந்துபோன ஃப்யூஸை இயங்கிக்கொண்டிருக்கும் எந்தக் கருவியும் இன்னும் தோற்கடிக்கவில்லை.

தரையிலிருந்து எதுவரை?

1,00,000 கெல்வினில் இருக்கும் ஒரு பொருளின் ஒளிர்வு உச்சம் சுமார் 290 ஆங்ஸ்ட்ராமில் விழும். 912-க்குக் கீழே விண்மீனிடை ஹைட்ரஜன் பெரும்பாலும் விழுங்கிவிடுவதால் உச்சத்தை நேரடியாகப் பார்ப்பது அபூர்வம். கண்ணுக்குத் தெரியும் ஒளி அந்த உச்சத்திலிருந்து வெகு தூரத்தில், வளைகோட்டின் வாலில் இருக்கிறது. அந்த வால் 80,000-க்கும் 1,50,000-க்கும் கிட்டத்தட்ட ஒரே சாய்வுதான். நிறத்தை வைத்து வெப்பநிலை சொல்ல முடியாததற்குக் காரணம் அதுவே.

கோடுகளை நம்பலாம் என்றால் அதிலும் சிக்கல். ஹைட்ரஜன் வளிமண்டலம் கொண்ட வெப்ப வெண்குறுமீன்களில் பாமர் கோடுகள் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஆல்ஃபா, பீட்டா என வரிசையாக வரும் ஹைட்ரஜன் கோடுகள்) ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை: ஆல்ஃபாவுக்குப் பொருந்தும் வெப்பநிலை டெல்டாவுக்குப் போதாது. பாமர் சிக்கல் என்று பெயர் வாங்கிய இதற்கு 1996-இல் விடை கிடைத்தது. கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் கோடுகளின் ஸ்டார்க் அகலத்தையும் (பக்கத்து மின்துகள்களின் புலத்தால் கோடு விரிவது) கணினியில் கட்டும் வளிமண்டல மாதிரியில் சேர்த்தால் வெளி அடுக்குகள் குளிர்ந்து கோடுகள் பெரிதும் ஒத்துவருகின்றன. ஆனால் அந்த உலோகங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று தெரிந்தால்தானே மாதிரியில் சேர்க்க முடியும்? அதைச் சொல்வது புற ஊதா. ஆகவே தரை நிறமாலையை விண்மீன் தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாம். ஹான்லேயின் 2 மீட்டர், காவலூரின் 2.34 மீட்டர் போன்ற தொலைநோக்கிகளின் நடுத்தரப் பகுதிறனே அதற்குப் போதும்: ஹீலியம்-2 4686 கோடும் அதற்குப் பக்கத்தில் கார்பன்-4 சேர்ந்து உண்டாக்கும் அகலப் பள்ளமும் தெரிந்தால் அது பிஜி 1159 என்ற வகை விண்மீன், ஹீலியம் மட்டும் என்றால் டிஓ வகை.

ஃப்யூஸ்: ஓய்ந்தும் முதலிடம்

1999 ஜூன் 24 அன்று ஏவப்பட்ட ஃப்யூஸ், 905 முதல் 1187 ஆங்ஸ்ட்ராம் வரை 20,000 அளவிலான பகுதிறனில் பார்த்தது. மிக வெப்பமான வெண்குறுமீன்களைப் பற்றிய பெரிய கண்டுபிடிப்புகளில் பல இந்தக் குறுகிய பட்டையில் வந்தவை. நியான்-7 973.3, ஆர்கான்-7 1063.6, ஃப்ளோரின்-6 1139.5, கேபிடி 0005+5106-இன் கால்சியம்-10 உமிழ் கோடுகள் (1137, 1159 அருகே) எல்லாம் இங்கேதான். ஆர்இ 0503-289 என்ற 70,000 கெல்வின் விண்மீனில் கிரிப்டானும் செனானும் 2012-இல் அகப்பட்டதும் ஃப்யூஸ் தரவில்தான். செயற்கைக்கோள் நின்று ஐந்தாண்டு கழித்து!

ஆகவே முதல் வேலை, மாஸ்ட் தளத்தில் விண்மீனின் ஆயத்தொலைவைக் கொடுத்துத் தேடுவது. கிடைத்தால் பல மாத விண்ணப்ப அலைச்சல் மிச்சம். ஆனால் எடுத்த எடுப்பில் கோப்பைத் திறந்து கோடு அளக்கத் தொடங்கினால் கெட்டுப்போகும். ஃப்யூஸ் ஒரே தொலைநோக்கி அல்ல, நான்கு கண்ணாடிகள். இரண்டில் சிலிக்கான் கார்பைடு பூச்சு, இரண்டில் லித்தியம் ஃப்ளோரைடு பூச்சு. ஒவ்வொன்றும் இரண்டு பகுதிகளாக எட்டு நிறமாலைத் துண்டுகளைத் தரும். குறி பார்க்கும் கேமரா லித்தியம் ஃப்ளோரைடு வழியில் இருந்ததால் அந்த வழியில் விண்மீன் ஒளி நுழையும் துளைக்குள்ளேயே நிற்கும். வெப்பத்தால் கண்ணாடிகள் லேசாக நகரும்போது சிலிக்கான் கார்பைடு வழிகளில் நழுவி வெளியே போய்விடும். ஒளிப்பாயம் (வந்து சேரும் ஒளியின் அளவு) திடீரென்று பாதியானால் விண்மீன் துடிக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேளைக்கு வேளை எண்ணிக்கை வீதத்தை வரைந்து பார்த்து, விழுந்த துண்டுகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தை லித்தியம் ஃப்ளோரைடு 1ஏ துண்டின் (987 முதல் 1082) அளவுக்கு உயர்த்திக்கொள்வதே முறை.

இரண்டாவது பொறி 'புழு'. உணரிக்கு முன்னால் இருக்கும் கம்பி வலையின் நிழல் லித்தியம் ஃப்ளோரைடு 1பி துண்டின் நீண்ட அலைப்பக்கத்தில் விழுந்து, ஒளிப்பாயத்தை அகலமாகக் குழிக்கும். இதைத் திருத்தும் நம்பகமான வழி இல்லை, ஏனென்றால் விண்மீன் துளைக்குள் எங்கே நின்றது என்பதைப் பொறுத்து நிழல் இடம் மாறும். அதே பகுதியை 2ஏ துண்டும் (1086 முதல் 1182) பார்த்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு 1பி-யை விட்டுவிடலாம்.

இது ஏன் முக்கியம் என்றால், வெப்பநிலை அளக்கக் கிடைக்கும் மிக வசதியான ஜோடி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது: 1169-இல் கார்பன்-4, 1175-ஐ ஒட்டிக் கார்பன்-3 தொகுதி. இரண்டுக்கும் இடையே ஆறேழு ஆங்ஸ்ட்ராம்தான் என்பதால் ஒளிப்பாய அளவீட்டுப் பிழை இரண்டையும் ஒன்றாகவே பாதிக்கும், விகிதம் தப்பிக்கும். வெப்பம் ஏற ஏறக் கார்பன்-3 மெலிந்து மறையும், கார்பன்-4 தாக்குப்பிடிக்கும். ஒரே தனிமம் என்பதால் கார்பன் எவ்வளவு என்ற கேள்வி பெருமளவு கழன்றுவிடுகிறது. கார்பன்-3 முற்றிலும் மறைந்துவிட்டால் இந்த ஜோடி கீழ் எல்லையை மட்டும் சொல்லும்; அதற்கு மேல் நியான், இரும்பு போன்றவற்றின் உயர் அயனிகளை நாட வேண்டும்.

அலைநீளச் சுழியமும் ஃப்யூஸில் நிலையாக இல்லை. பெரும்பாலான அளவீடுகள் 30 வில்நொடிச் சதுரத் துளையில் எடுக்கப்பட்டவை. விண்மீன் உள்ளே அங்குமிங்கும் நகர்ந்தால் கோடுகளும் நகரும். விண்மீனிடை வளிமக் கோடுகளை முளைக்குச்சியாக வைத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திவிட்டுக் கூட்ட வேண்டும். பூமியின் வளிமண்டல ஒளிர்வு தொந்தரவாக இருக்கும் இடங்களில், குறிப்பாக 1026-இல் உள்ள லைமன் பீட்டா என்ற ஹைட்ரஜன் கோட்டைச் சுற்றி, இரவுப் பக்கத்தில் எடுத்த தரவை மட்டும் பயன்படுத்தலாம்.

ஃப்யூஸின் நிஜமான பலவீனம் வேறு. 1108 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே விண்மீனிடை மூலக்கூறு ஹைட்ரஜனின் கோடுகள் காடு மாதிரி நிற்கும். நிற மிகை (விண்மீனிடைத் தூசு ஒளியைச் சிவப்பாக்கும் அளவு) 0.1 இருந்தாலே 1000 ஆங்ஸ்ட்ராம் அருகே ஒளிப்பாயம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குச் சுருங்கும். மூலக்கூறு ஹைட்ரஜனும் கூடச் சேர்ந்தால் விண்மீனின் மெல்லிய கோடுகளைத் தேடுவது வீண். ஓவன்ஸ் போன்ற நிரலில் விண்மீனிடைக் கோடுகளையும் மாதிரியாக்கி விண்மீனின் மாதிரியோடு பெருக்கிப் பார்க்காமல் இந்தப் பகுதியில் எந்தக் கோட்டுக்கும் பெயர் சூட்டக் கூடாது.

காஸ்: மங்கிய விண்மீன்களின் கருவி

2009 மே மாதம் ஹப்பிளில் பொருத்தப்பட்ட காஸ், ஸ்டிஸைவிடப் பத்து மடங்குக்கு மேல் உணர்திறன் கொண்டது. பகுதிறன் 12,000-இலிருந்து 20,000 வரை. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. சிவப்பேற்றம் இல்லாத மிக வெப்பமான வெண்குறுமீனின் வி-ஒளித்தரம் (கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பிரகாசம்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) 15 என்றால் 1300 ஆங்ஸ்ட்ராமில் அதன் ஒளிப்பாயம் ஏறக்குறைய 7×10⁻¹³ எர்க்/நொடி/செ.மீ²/ஆங்ஸ்ட்ராம் வரும். காஸின் ஜி130எம் என்ற கீற்றணி அமைப்பில் இது ஏ, பி என்ற இரண்டு உணரிப் பகுதிகள் ஒவ்வொன்றிலும் நொடிக்குப் பத்தாயிரத்தை ஒட்டிய எண்ணிக்கை. உணரியின் பாதுகாப்பு வரம்பு 15,000. ஆக, ஒளித்தரம் 14.5-க்கு மேல் பிரகாசமான விண்மீனை இந்த அமைப்பில் காஸ் ஏற்காது. பிரகாசமான பொருளுக்கென்று ஒரு மங்கல் துளை இருக்கிறது, ஆனால் அதில் பகுதிறன் பல மடங்கு கெட்டுவிடும். அதற்கு ஸ்டிஸே மேல். மறுபக்கம், ஒளித்தரம் 16.5 உள்ள விண்மீனுக்கு ஹப்பிள் பூமியைச் சுற்றும் ஒரே சுற்றில், அதாவது பயன்படும் 2,500 நொடியில், ஒரு பகுதிறன் அலகுக்கு ஃபோட்டான் கணக்கில் 50 சமிக்ஞை-இரைச்சல் விகிதம் எட்டும். ஆகவே காஸின் களம் 14.5 முதல் 17.5 வரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபோட்டான் கணக்கு ஐம்பது சொன்னாலும் கைக்கு வருவது இருபதாக இருக்கக்கூடும். உணரியில் நிலையான தழும்புகள் உண்டு, கம்பி வலையின் நிழல்களும் உண்டு. நிறமாலையை எஃப்பி-பாஸ் எனப்படும் சற்றே விலகிய நான்கு நிலைகளில் நகர்த்தி எடுத்துச் சராசரி கண்டால்தான் தழும்புகள் கரையும். நேரத்தை மிச்சப்படுத்த ஒரே நிலையில் எடுத்தால் 20-க்கு மேல் போவது கடினம், அதைவிட மோசமாகத் தழும்பு ஒன்று இரும்புக் கோடாக வேடம் போடும். மெல்லிய இரும்பு, நிக்கல் கோடுகளே இலக்கு என்றால் நான்கு நிலையையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. உணரியில் லைமன் ஆல்ஃபா வளி ஒளிர்வு விழும் இடம் தேய்ந்துகொண்டே வருவதால், அவ்வப்போது நிறமாலையை உணரியில் புதிய இடத்துக்கு மாற்றுகிறார்கள். சில அமைப்புகளில் பி பகுதியை அணைத்தே வைக்கச் சொல்கிறார்கள். விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டை அந்த ஆண்டே பார்க்க வேண்டும். பழைய கட்டுரையில் இருந்த அமைப்பை அப்படியே நகலெடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மாதிரியோடு ஒப்பிடும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. ஹப்பிளின் முதன்மைக் கண்ணாடி மெருகில் உள்ள நுண்ணிய அலைகளால் காஸின் கோட்டு வடிவத்துக்கு அகன்ற இறக்கைகள் உண்டு. மாதிரியை வெறும் காஸியன் வளைவால் மழுக்கினால் மாதிரிக் கோடுகள் அளந்ததைவிட ஆழமாக நிற்கும். அதைச் சரிக்கட்ட உலோக அளவைக் குறைத்துவிடுவோம். ஒவ்வொரு உணரி இடத்துக்கும் தனித்தனியாகக் கோட்டு வடிவ அட்டவணை வெளியிடப்பட்டிருக்கிறது. அதையே பயன்படுத்த வேண்டும்.

அமைப்புகளில் ஜி130எம் 1222 (பின்னால் வரும் எண் மைய அலைநீளம்) என்பதற்கு மிக வெப்பமான விண்மீன்காரர்கள் கொடுக்கும் மரியாதை போதாது. அது தோராயமாக 1067 முதல் 1363 வரை பார்க்கும். தொல்லை தரும் லைமன் ஆல்ஃபா இரண்டு பகுதிகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் விழுந்துவிடும். கார்பன் ஜோடி, நைட்ரஜன்-5 1239, 1243, இரும்பு-7 1332 எல்லாம் ஒரே வீச்சில் கிடைக்கும். பகுதிறன் சற்றுக் குறைவு, ஆக்சிஜன்-5 1371 தப்பிப்போகும்; அதற்கு 1291 அமைப்பு வேண்டும். காஸ் 1150-க்குக் கீழேயும் போகும் என்பது உண்மைதான், ஆனால் ஹப்பிள் கண்ணாடியின் மெக்னீசியம் ஃப்ளோரைடு பூச்சு அங்கே ஒளியை உறிஞ்சுவதால் உணர்திறன் படு வீழ்ச்சி. ஃப்யூஸ் பார்க்காத விண்மீனுக்கு மட்டுமே அந்த முயற்சி தகும்.

ஸ்டிஸ்: எப்போது அவசியம்?

ஸ்டிஸின் ஈ140எம் அமைப்பு 45,800 பகுதிறனில் 1144 முதல் 1710 வரை ஒரே படத்தில் தரும். ஈ140எச் 1,14,000 வரை போகும். கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் பிஜி 1159 வகை விண்மீனுக்கு இதைக் கேட்பது பெரும்பாலும் வீண் செலவு. அவற்றின் கார்பன்-4, ஹீலியம்-2 கோடுகள் பல ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள பள்ளங்கள். இந்த ஈ140 அமைப்புகள் தரும் எஷெல் நிறமாலையோ குறுகிய வரிசைகளைத் தைத்துச் சேர்ப்பது. வரிசைகளின் ஓரங்களில் ஒளிப்பாயம் சரியாகப் பொருந்தாமல் அலை அலையாக மேடு பள்ளம் வரும். ஹீலியம்-2 1640-இன் இறக்கையைப் பொருத்தி ஈர்ப்பு முடுக்கம் கணிக்க நினைத்தால், பொருத்துவது விண்மீனையா தையலையா என்று தெரியாமல் போகும்.

ஸ்டிஸ் இல்லாமல் முடியாத வேலை திசைவேகம். வெண்குறுமீனின் பரப்பிலிருந்து வரும் கோடுகளுக்கு ஈர்ப்புச் செம்பெயர்ச்சி உண்டு: நிறையையும் ஆரத்தையும் சூரிய அலகில் போட்டு வகுத்து 0.635-ஆல் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். நிறை 0.6, ஆரம் 0.013 என்றால் 29. இன்னும் சுருங்கி முடியாத, ஆரம் 0.03 உள்ள வெப்ப விண்மீனுக்கு 13 தான். இப்போது 1548-இல் தெரியும் கார்பன்-4 கோடு விண்மீனுடையதா, சுற்றியுள்ள வளிமத்துடையதா என்ற கேள்வி வந்தால், 20,000 பகுதிறன் தரும் 15 கி.மீ. பிரிப்பு அதற்குப் போதாது. ஈ140எம் தரும் 6.5 கி.மீ. வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து அளந்தால் கார்பன் அளவு பொய்யாக உயரும். ஜி191-பி2பி போன்ற, கோடுகள் ஊசி மாதிரி மெலிந்த, ஒளித்தரம் 11.8 உள்ள விண்மீனுக்கு ஈ140எச் பொருத்தம். அதன் இரும்பு-5, நிக்கல்-5 கோடுகளை வைத்துத்தான் வலுவான ஈர்ப்புப் புலத்தில் நுண்கட்டமைப்பு மாறிலி மாறுகிறதா என்று 2013-இல் சோதித்தார்கள்.

மற்றவை

ஐ.யூ.இ. 1978 முதல் 1996 வரை வேலை செய்த 45 செ.மீ. தொலைநோக்கி. அதன் 6 ஆங்ஸ்ட்ராம் குறைப் பகுதிறன் தரவை வைத்து உலோகங்களைப் பற்றிப் பேசக் கூடாது. ஆனால் 1150 முதல் 3350 வரை தொடர்ச்சியாக இருப்பதால் 2175 ஆங்ஸ்ட்ராம் பள்ளத்தைக் கொண்டு நிற மிகையைக் கணிக்க இன்றும் கைகொடுக்கும்.

யூவிட் படம் எடுப்பதற்குக் கட்டிய கருவி. பிளவில்லா நிறமாலை வசதி இருந்தாலும் பகுதிறன் 100 அளவில்தான். நெருங்கிய புற ஊதா வழி 2018-இலேயே நின்றுவிட்டது. பந்து விண்மீன் கொத்துகளில் மறைந்திருக்கும் வெப்ப விண்மீன்களைப் பொறுக்கி எடுக்க அருமையான கருவி. வெப்பநிலை 90,000-ஆ 1,40,000-ஆ என்று அதனிடம் கேட்பது நியாயம் இல்லை.

மாதிரியும் தேர்வுதான்

நல்ல நிறமாலையைத் தப்பான மாதிரியோடு வைத்தால் பலன் இல்லை. இந்த வெப்பத்தில் உள்ளகச் சமநிலை எடுகோள் (அணுக்களின் நிலையை அந்தந்த இடத்து வெப்பநிலையே தீர்மானிக்கும் என்பது) செல்லாது. டூபிங்கன் குழுவின் டிமேப், ஹியூபெனி-லான்ஸ் எழுதிய டிலஸ்டி இரண்டும் அந்த எடுகோள் இல்லாத கணிப்புகள். தொடக்க நிலையில் டிமேப் கொண்டு முன்கூட்டிக் கணித்த நிறமாலைகளைத் தியோஎஸ்எஸ்ஏ என்ற இணையச் சேவையில் இறக்கி ஒப்பிட்டால் வாரக்கணக்கில் நேரம் மிச்சம். இரும்புக் குழுத் தனிமங்களுக்குக் குரூஸ் என்பவர் தொகுத்த கோட்டுப் பட்டியல் இரண்டு வகை: ஆய்வகத்தில் அளந்த ஆற்றல் மட்டங்களிலிருந்து வந்த சிறிய பட்டியல், கணிப்பில் மட்டும் வந்த பெரிய பட்டியல். ஒளிபுகாமையைக் கணிக்கப் பெரியது வேண்டும். கோட்டுக்குப் பெயர் சூட்டச் சிறியதை மட்டுமே எடுக்க வேண்டும், ஏனென்றால் பெரிய பட்டியலின் அலைநீளங்கள் பல ஆங்ஸ்ட்ராம் பிசகக்கூடும். காஸ் நிறமாலையில் எல்லாக் கோட்டுக்கும் நிக்கல் பொருந்துகிறது என்று தோன்றினால் பட்டியல் மாறிப்போயிருக்கிறது என்று பொருள்.

ஆகவே நடைமுறையில் இப்படிப் போகலாம். ஒளித்தரம் 14.5-க்கு மேல் பிரகாசமாக இருந்தால் ஃப்யூஸ் தரவு இருக்க வாய்ப்பு அதிகம். அதை எடுத்து, ஹப்பிளின் ஹாஸ்ப் தொகுப்பில் ஏற்கெனவே ஸ்டிஸ் நிறமாலை இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் ஈ140எம் கேட்கலாம். 14.5 முதல் 17.5 வரை என்றால் காஸ்: ஒரு சுற்று 1222, ஒரு சுற்று 1291, வெப்பம் ஒரு லட்சத்துக்குக் குறைவாகத் தோன்றினால் கார்பன்-4 1548-க்காக ஜி160எம் ஒரு சுற்று. அதற்கும் மங்கியவற்றுக்கு ஜி140எல் அமைப்பின் இரண்டாயிரம் அளவிலான பகுதிறனில் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் தெரியும்; இரும்பை மறந்துவிடலாம். 2024 ஜூன் முதல் ஹப்பிள் ஒரே சுழல்காட்டியில் (திசையை நிலைநிறுத்தும் கருவி) ஓடுவதால் அட்டவணையில் இடம் முன்னைவிடக் குறைவு. நான்கு சுற்றுக்கு மேல் கேட்கும் விண்ணப்பத்தில், ஃப்யூஸ் தரவு ஏன் போதவில்லை என்பதை அதன் சமிக்ஞை-இரைச்சல் எண்ணோடு எழுதுவது நல்லது.